ஃப்ரீசருக்குச் சோறு வேண்டாம், பருப்பும் கீரையும் கறியும் போகட்டும்

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். மதுரை வில்லாபுரத்தில் வீடு. குழந்தைக்கு ஒரு வயது நான்கு மாதம். கணவன் மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறீர்கள். பகலில் அத்தைதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மூட்டுவலி, அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைத்து வாரம் முழுக்கக் கொடுக்கலாமா, எதை வைக்கலாம், எத்தனை நாள் தாங்கும் என்பது கேள்வி. “பச்சப் புள்ளைக்குப் பழசைக் குடுப்பாகளா” என்று அத்தை கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பதுபோல் முழுச் சாப்பாட்டையும் ஒரே டப்பாவில் அடைத்து, திங்கள், செவ்வாய் என்று எழுதி அடுக்கும் முறை நம் சாப்பாட்டுக்குச் சரிப்பட்டு வராது. நம் வீட்டில் நேரம் பிடிப்பது சோறு அல்ல. ஒரு கைப்பிடி அரிசி குக்கரில் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். கீரை ஆய்வது, முருங்கைக்காயை வேகவைத்துச் சதையை வழிப்பது, கொண்டைக்கடலையை ஊறவைத்து மசிய வேகவைப்பது, கொத்துக்கறியைக் குழந்தை மெல்லும் பதத்துக்குக் கொண்டுவருவது, இந்த வேலைகள்தான் மணிக்கணக்கில் இழுக்கும். இவற்றை ஞாயிற்றுக்கிழமையே முடித்து உறைய வைத்துவிடுங்கள். சோறு அன்றன்றைக்கு வேகட்டும். அத்தைக்கும் பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும். புதுச் சோற்றின் ஆவி பறக்கும் தட்டை யாரும் பழசு என்று சொல்ல மாட்டார்கள்.

சோற்றை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. சோற்றைச் சட்டென்று ஆறவைத்து உறைய வைத்தால் ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் பானைச் சோறு நடுவில் சூடு தணிய எவ்வளவு நேரமாகும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். கால் மணி நேர வேலையை மிச்சப்படுத்துவதற்காக அந்தச் சிக்கலை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எதை வைக்கலாம் என்பதைச் சொல்லும் முன் ஆறவைக்கும் விஷயத்தைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மதுரையில் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். உள்ளே போகும்போது எத்தனை கிருமி இருந்ததோ, வெளியே வரும்போது ஏறக்குறைய அத்தனையும் இருக்கும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் ஃப்ரீசருக்குள் போனதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான விதி. நம் ஊரில் பங்குனி, சித்திரையில் 32 டிகிரி காலைப் பலகாரம் முடிவதற்குள் வந்துவிடும். ஆகவே உங்களுக்கு எப்போதும் ஒரு மணி நேரக் கணக்குதான்.

ஒரு மணி நேரத்தில் எப்படி ஆறவைப்பது? ஆழமான பாத்திரத்திலேயே விடாதீர்கள். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அந்தத் தாம்பாளத்தை, தண்ணீர் ஊற்றிய இன்னொரு பெரிய தாம்பாளத்தில் வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு தட்டு ஐஸ் கட்டியைப் போடுங்கள். நடுநடுவே கரண்டியால் கிளறிவிட்டால் இருபது நிமிடத்துக்குள் கையில் தொட்டால் சூடு தெரியாத பதத்துக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் பதினொரு மணிக்கே வெந்நீராக வரும், அதில் வைத்தால் ஆறாது. மண்பானைத் தண்ணீர் இருந்தால் அது நல்லது. ஈ மொய்க்காமல் வலை மூடி போடுங்கள். இறுக்கமான தட்டு போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தங்கும்.

இதனால்தான் இந்தச் சமையலை ஞாயிறு மதியம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முடித்துவிடலாம், வெயில் ஏறுவதற்குள் எல்லாம் உள்ளே போயிருக்கும். கறி வாங்க வேண்டிய நாளில் மட்டும் கறியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலமே காய் வாங்கி, கீரை ஆய்ந்து, பயறு ஊறப்போட்டுவிட்டால் காலை வேலை பாதியாகும். அண்ணா நகர்ப் பக்கம் போக முடிந்தால் உழவர் சந்தையில் காலையில் வரும் கீரைக்கு ஈடு கிடையாது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது அங்கேதான். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கீரைக்காக ஊரைச் சுற்ற வேண்டியதில்லை, தெருவில் வரும் கீரைக்காரம்மாவே போதும்.

சரி, எதையெல்லாம் வைக்கலாம்.

பருப்பிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதுபோல் ஃப்ரீசருக்கு அடங்கிப் போகும் பொருள் வேறு இல்லை. துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் சமமாகப் போட்டு, மஞ்சள்தூள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் அல்லது நெய் விட்டு, தண்ணீர் குறைவாக வைத்துக் கெட்டியாகக் குழைய வேகவையுங்கள். உப்பு வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைந்ததும் கட்டிகளைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக்கொள்ளலாம். சாதாரண ட்ரேயில் ஒரு குழி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி பிடிக்கும். குழந்தையின் ஒரு வேளைக்கு மூன்று கட்டி. இதே பருப்பில் ஒரு நாள் நெய்யும் சீரகமும் தாளித்தால் பருப்புச் சாதம், ஒரு நாள் தக்காளி சேர்த்தால் ரசம் மாதிரி, ஒரு நாள் கீரைக் கட்டி ஒன்றைச் சேர்த்தால் கூட்டு. ஒரே பொருளை வாரம் முழுக்கக் கொடுக்கிறோம் என்று குழந்தைக்கும் தெரியாது, அத்தைக்கும் அலுக்காது.

தாளிப்பை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. பூண்டு, கிராம்பு, மிளகு போன்றவற்றின் காட்டம் ஃப்ரீசரில் மாறும், சில நேரம் கசப்புத் தட்டும். நெய்யில் பொரிந்த சீரகமும் கறிவேப்பிலையும் ஒரு நிமிட வேலை, அதை அன்றே செய்தால் வாசனையும் புதிதாக இருக்கும்.

கீரை விஷயத்தில் அத்தை கட்டாயம் சண்டைக்கு வருவார். கீரையை மறுபடி சூடு பண்ணக் கூடாது என்பது நம் வீடுகளில் பழைய கட்டளை. அது வெறும் மூடநம்பிக்கையும் அல்ல. கீரையில் நைட்ரேட் உண்டு. சமைத்த கீரை வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், சின்னக் குழந்தைகளுக்கு அது நல்லதல்ல, ஆறு மாதத்துக்குள் இருக்கும் சிசுக்களுக்கு ரொம்பவே ஆகாது. ஆனால் அந்த மாற்றத்துக்கு நேரமும் சூடும் வேண்டும். வேகவைத்து உடனே ஆறவைத்து உறைய வைத்த கீரையில் அது நடக்க வழியில்லை. அத்தையிடம் இப்படியே சொல்லுங்கள்: காலைக் கீரையை ராத்திரி வரை அடுப்படியில் வைத்திருந்து சூடு பண்ணுவதுதான் தப்பு, அதை நாம் செய்யப் போவதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூன்றும் நன்றாக வரும். கொதிக்கும் நீரில் போட்டு, நிறம் மாறாமல் வெந்ததும் வடித்து, கடைந்தோ மிக்ஸியில் ஒரு சுற்று விட்டோ ட்ரேயில் ஊற்றுங்கள். முருங்கைக்கீரையில் காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, தொண்டையில் ஒட்டும்.

முருங்கைக்காய் மலிவாக வரும் மாதங்களில் கட்டாகக் கட்டி விற்பார்கள். அப்போது வாங்கி வேகவைத்து, ஸ்பூனால் சதையை வழித்து, நாரும் விதையும் ஒதுக்கி உறைய வையுங்கள். குழந்தைக்கு முருங்கைக்காய் சாம்பார் கொடுக்க வேறு சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. பரங்கிக்காய், கேரட், பீட்ரூட் மூன்றையும் ஆவியில் வேகவைத்து மசித்தால் பிரச்சினையே இல்லை. தை மாதத்தில் பச்சை மொச்சை வரும். தோலை உரித்து வேகவைத்து மசித்து வைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு எல்லாம் இதே கதைதான், நன்றாக ஊறி விரலில் நசுங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும். முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

இனி கறி. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக வந்தது. அதனால் அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஃப்ரீசரில் முதல் இடம் கறிக்குத்தான் என்பது என் கட்சி. இறைச்சியில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும், பருப்பு, கீரையில் உள்ளது அவ்வளவு எளிதாகச் சேராது. கால் கிலோ கொத்துக்கறி வாங்கினால் குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். கடையில் கொத்தியதை வீட்டில் இன்னொரு முறை பார்த்து எலும்புச் சில்லு இருந்தால் எடுத்துவிடுங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி துளி, மஞ்சள், ஒரு தக்காளி சேர்த்து, குக்கரில் நாலைந்து விசில் விட்டு, தண்ணீர் சுண்டியதும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. பசையாக அரைக்க வேண்டாம், பொலபொலவென்று இருக்கட்டும். மேசைக்கரண்டி அளவாகத் தட்டில் சின்னச் சின்ன உருண்டையாக வைத்து உறைய வைத்து, பிறகு கவரில் அள்ளிப் போடுங்கள். பெரியவர்களுக்கு மிளகாய் சேர்த்துச் சுக்காவாகப் பிரட்டிக்கொள்ளலாம். குழந்தையின் பங்கை அதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், உப்பும் காரமும் விழுவதற்கு முன்.

சுவரொட்டியை நம் பக்கத்துப் பாட்டிகள் ரத்தம் ஊறும் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆட்டு மண்ணீரலில் இரும்புச்சத்து அதிகம். நன்றாக வேகவைத்து, மேல்தோலை நீக்கி மசித்து, கொத்துக்கறியோடு கலந்து வைக்கலாம். ஈரலும் அப்படித்தான், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு ஸ்பூன் போதும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இரும்புச்சத்து சிரப் கொடுக்கச் சொல்லியிருந்தால் கறி சாப்பிடுகிறான் என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்செலும்பு சூப்பை ஐஸ் கட்டியாக்கி வைக்கலாம், சோறு குழைக்க அருமையாக இருக்கும். ஆனால் சூப் கொடுத்துவிட்டோம், கறி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எலும்புத் தண்ணீரில் ருசி இருக்கும், சத்து பெரும்பாலும் சதையில்தான் இருக்கும். மீனை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மதுரைக்கு வரும் கடல் மீன் ஏற்கெனவே ஐஸில் பயணம் செய்து வந்தது. வாங்கிய அன்றே வேகவைத்து, முள் பார்த்து, அன்றே கொடுத்து முடியுங்கள்.

சைவ வீடு என்றால் பருப்பு, கீரை சூடாகி இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், அல்லது சாப்பாட்டோடு கொய்யாப்பழம் மசித்துக் கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலை அதிகம் குடிக்கும் குழந்தை சோற்றைத் தொடாது, ரத்தசோகைக்கும் அது ஒரு காரணம்.

பலகாரத்துக்கு வந்தால், இட்லிக்கு இணை கிடையாது. மாவு புதிதாகப் புளித்த அன்றைக்கே கூடுதலாக ஒரு ஈடு ஊற்றி, ஆறியதும் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, அப்புறம் கவரில் போடுங்கள். சாப்பிடும்போது இட்லிக் கொப்பரையில் எட்டு நிமிடம் ஆவி காட்டினால் புதுசு போலவே வரும். மாவை நாலு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து ஊற்றும் இட்லி புளிக்கும், குழந்தை துப்பும். இந்த வழியில் அந்தப் பிரச்சினை இல்லை. மாவையே ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு, இட்லி பொங்கி வராது, எனக்கு அது பிடிப்பதில்லை. மாவில் துருவிய கேரட்டோ கேழ்வரகு மாவோ சேர்த்துச் சின்னக் குழிப்பணியாரமாகச் சுட்டு வைத்தால் குழந்தை கையில் பிடித்துத் தானே தின்னும். அடையும் தாங்கும், ஆனால் மறுபடி சுடும்போது ஓரம் முறுகி அந்த வயதுப் பற்களுக்குக் கடினமாகிவிடும்.

வைக்கக் கூடாதவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தயிர்சாதம் திரிந்து நீர் பிரியும். உருளைக்கிழங்கு துண்டு மணல் போல் ஆகும், சாம்பாரில் போட்டிருந்தால் எடுத்துவிட்டு வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு ரப்பராகும். கஞ்சி, கூழ், சத்துமாவுக் கஞ்சி எல்லாம் உருகும்போது தண்ணீர் தனியாகத் திப்பி தனியாக நிற்கும். சத்துமாவு பொடியாகவே நாள் தாங்கும், அதை எதற்குக் கரைத்து உறைய வைக்க வேண்டும்? சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி போன்ற நீர்க்காய்கள் சொதசொதவென்று ஆகும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு திரிந்தது போல் தெரியும், வெளியில் சீக்கிரம் கெடவும் செய்யும். தேங்காய்த் துருவலைத் தனியாக உறைய வைத்துக்கொண்டு சூடாக்கும்போது ஒரு சிட்டிகை சேர்ப்பது நல்லது. வாழைப்பழம் வருஷம் முழுக்கத் தெருமுனையில் தொங்குகிறது, அதை உறைய வைப்பது வீண் வேலை. மாம்பழம் வேறு. நத்தம் பக்கத்து மாம்பழம் வந்து குவியும் நாட்களில் சாற்றைப் பிழிந்து கட்டியாக்கி வைத்தால் ஆடி, ஆவணி வரைக்கும் ஓடும், சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃப்ரீசர் சமையலில் எல்லாவற்றையும் மிக்ஸியில் விழுதாக அரைத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது, ட்ரேயில் ஊற்ற வசதியாக இருக்கிறது என்று. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது ஆகாது. மெல்லப் பழக வேண்டிய வயது இது. இப்போது விழுதாகவே ஊட்டினால் இரண்டு வயதில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிக்கும். அதனால் பருப்பு, கீரை, கறி தவிர மற்றதைக் கையால் மசியுங்கள், ட்ரேக்குப் பதில் தட்டையாகக் கவரில் பரப்பி உறைய வையுங்கள். மெல்லிய தகடாக இருந்தால் சீக்கிரம் உறையும், வேண்டிய அளவு உடைத்தும் எடுக்கலாம்.

அளவு என்று பார்த்தால், ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம், நாளைக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு முறை பழம் அல்லது பலகாரம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் தொடரலாம். அந்தக் கிண்ணத்தில் பாதி சோறு, மீதி பருப்பு, காய், கறி என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு எத்தனை கட்டி வேண்டும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். குழந்தை பாதியில் வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள், கிண்ணத்தைக் காலி செய்ய வைக்கத் துரத்த வேண்டாம்.

இப்போது அத்தைக்கு வருவோம். அவர் நிற்க முடியாதவர் என்பதால் சூடாக்கும் வேலையும் சுலபமாக இருக்க வேண்டும். இதற்குக் குக்கரே போதும். அடியில் அரிசியும் தண்ணீரும் சின்னப் பாத்திரத்தில், அதன் மேல் எவர்சில்வர் சம்படத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பருப்புக் கட்டி மூன்று, கறி உருண்டை இரண்டு, காய்த் தகடு ஒரு துண்டு. சம்படத்தின் மூடியை இறுக்காமல் ஒரு தட்டை மட்டும் மேலே வைத்து, மூன்று நான்கு விசில். சோறும் குழம்பும் ஒரே நேரத்தில் கொதிக்கக் கொதிக்க வந்துவிடும். கட்டியைக் கரைய வைக்க வெளியில் எடுத்து வைக்கவே வேண்டாம், ஃப்ரீசரிலிருந்து நேராகக் குக்கருக்குப் போகலாம். மேடையில் இரண்டு மணி நேரம் உருகட்டும் என்று வைப்பதுதான் ஆபத்து, வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகி நடுவில் ஐஸாகவே இருக்கும். பெரிய துண்டாக இருந்தால் முதல் நாள் ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றி வையுங்கள்.

சூடாக்குவது ஒரே ஒரு முறை, நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக வேண்டும். அப்புறம் ஆறவைத்து ஊட்டலாம். குழந்தையின் எச்சில் பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதை மூடி வைத்துச் சாயங்காலம் கொடுக்கக் கூடாது, அத்தையே சாப்பிட்டுக்கொள்ளட்டும். உருகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் ஃப்ரிட்ஜைப் பொறுத்தது. இரண்டு கதவு என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. தனிக் கதவு உள்ள ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும். அதில் சமைத்த பொருள்கள் ஒரு மாதம் நன்றாக இருக்கும், அதற்கு மேல் கெடாவிட்டாலும் ருசி போகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் சின்னதாக இருக்கும் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, அது வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கணக்குப் போட வேண்டாம். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரம். எளிய சோதனை ஒன்று: ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். கல்லாக நின்றால் சரி, ஸ்பூன் சுலபமாக இறங்கினால் குளிர் போதாது.

டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எவர்சில்வர் நல்லது, விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும்போது விரியும். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஆறிய பிறகு வையுங்கள், அதிலேயே சூடாக்காதீர்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடுங்கள், குறிப்பாக ஃப்ரிட்ஜில் மல்லிகைப்பூ வைக்கும் வீடுகளில். மதுரை மல்லியின் வாசம் தலையில் இருக்கும்வரை சரி, பருப்புச் சாதத்தில் வந்தால் குழந்தை வாயையே திறக்காது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஃப்ரீசருக்குள் திணிக்கவும் வேண்டாம், இரண்டு தவணையாக வையுங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகிப்போகும்.

கடைசியாகக் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஃப்ரிட்ஜை இணைத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு வேண்டியதைக் காலையிலேயே எடுத்துவிட்டு ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால், பொருள் நிறைந்த ஃப்ரீசர் அந்த எட்டு மணி நேரத்தைத் தாங்கிவிடும். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து அடைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணம் ஐஸின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அத்தனையையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே இத்தனையையும் செய்யப் போகாதீர்கள். பருப்பு, கொத்துக்கறி, இட்லி மூன்று மட்டும் வையுங்கள். திங்கட்கிழமை நீங்கள் கிளம்பும் முன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, குக்கரில் ஒரு முறை வைத்துக் காட்டுங்கள். குழந்தைக்கு எடுத்ததுபோக மிஞ்சுவதை அவருக்கே ஒரு வாய் கொடுங்கள், உப்பில்லை என்பார், போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கீரையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.